காலையில் ஸ்பானிஷ், மதியம் ஆங்கிலம்: அமெரிக்காவின் இருமொழித் தொடக்கப் பள்ளிகளால் யாருக்கு லாபம்?

அமெரிக்காவில் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளி. ஒன்றாம் வகுப்பு. ஆசிரியை போர்டில் கூட்டல் கணக்கு எழுதுகிறார். பேசுவது முழுக்க ஸ்பானிஷ். வகுப்பில் பாதிப் பேர் வீட்டிலும் ஸ்பானிஷ்தான் பேசுகிறார்கள். மீதிப் பாதிக்கு அந்த மொழி பள்ளிக்கு வந்த பிறகுதான் அறிமுகம். அவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் அடுத்த அறைக்குப் போகிறார்கள். அங்கே வேறொரு ஆசிரியை. அவர் பேசுவது ஆங்கிலம் மட்டும். இப்போது பக்கத்துக் குழந்தையைப் பார்த்து எழுதுவது காலையில் கெத்தாக இருந்த முதல் பாதி.

இதற்குப் பெயர் 'டூயல் லாங்குவேஜ் இம்மர்ஷன்', சுருக்கமாக டி.எல்.ஐ. தமிழில் 'இருமொழி மூழ்கல் கல்வி' என்று சொல்லலாம். அமெரிக்காவுக்கு வேலை மாறிப் போகும் பல தமிழ்க் குடும்பங்கள், குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் போகும்போதுதான் இந்த வார்த்தையை முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள். அது என்ன, எங்கிருந்து வந்தது, உண்மையிலேயே பலன் உண்டா, இதில் ஏன் இவ்வளவு அரசியல்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சில எண்கள்

- 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள் 6.2 கோடி பேர். மொத்த மக்கள்தொகையில் சுமார் 19%.
- அரசுப் பள்ளிகளில் 'ஆங்கிலம் கற்கும் மாணவர்' என்று வகைப்படுத்தப்பட்டவர்கள் சுமார் 50 லட்சம். அதாவது பத்தில் ஒருவர். இவர்களில் நான்கில் மூன்று பேரின் வீட்டு மொழி ஸ்பானிஷ்.
- 2021ல் எடுக்கப்பட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பில் 3,600க்கும் மேற்பட்ட டி.எல்.ஐ. திட்டங்கள் இருப்பது தெரியவந்தது. அவற்றில் சுமார் 80% ஸ்பானிஷ். சீனமும் பிரெஞ்சும் வெகுதூரம் தள்ளி அடுத்த இடங்களில்.

இது சாதாரண ஸ்பானிஷ் வகுப்பா?

இல்லை. சாதாரண மொழி வகுப்பில் மொழிதான் பாடம். வாரத்துக்கு சில மணி நேரம், இலக்கணம், கொஞ்சம் உரையாடல், ஒரு தேர்வு. டி.எல்.ஐ.யில் கணக்கு, அறிவியல், சமூகவியல் ஆகியவற்றையே அந்த மொழியில் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது மொழியும் சேர்ந்தே வந்துவிடும் என்பதுதான் அடிப்படை.

"அப்போ நம்மூர் இங்கிலீஷ் மீடியம் மாதிரிதானே?" என்று தோன்றலாம். ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. இங்கிலீஷ் மீடியத்தில் வீட்டு மொழி ஒரு பாடமாகச் சுருங்கிவிடும். மற்ற எல்லாம் ஆங்கிலத்துக்குப் போய்விடும். டி.எல்.ஐ.யில் இரண்டு மொழிகளும் பயிற்று மொழிகள். இரண்டிலும் வாசிக்க, எழுத, கணக்குப் போடத் தெரிய வேண்டும். அதோடு, ஆசிரியர்கள் இரண்டாம் மொழியில் கற்பிக்கவென்றே பயிற்சி பெற்றவர்கள். படம், சைகை, பொருட்கள், திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்கள் என்று பாடத்தையே அதற்கேற்ப வடிவமைக்கிறார்கள். புரியாத மொழியில் குழந்தையை உட்கார வைத்து 'நீயே பிடித்துக்கொள்' என்று விடுவதை ஆய்வாளர்கள் மூழ்கல் என்று சொல்வதில்லை, மூழ்கடிப்பு என்றுதான் சொல்கிறார்கள்.

எத்தனை வகை?

வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து இரண்டு வகை. எல்லாக் குழந்தைகளுக்கும் ஸ்பானிஷ் புதிது என்றால் அது 'ஒருவழி'. ஸ்பானிஷ் வீட்டுக் குழந்தைகளும் ஆங்கில வீட்டுக் குழந்தைகளும் கலந்திருந்தால் அது 'இருவழி'. இருவழித் திட்டத்தில் எந்தத் தரப்பும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. குழந்தைகள் ஒருவருக்கொருவர் மொழி ஆசிரியராக இருக்க வேண்டுமே, அதற்காக.

நேரத்தை எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதை வைத்து இன்னும் இரண்டு வகை.

90:10 முறை: கிண்டர்கார்டனில் 90% நேரம் ஸ்பானிஷ், 10% ஆங்கிலம். வகுப்பு ஏற ஏற ஆங்கிலத்தின் பங்கு கூடும். நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில் பாதிக்குப் பாதி ஆகிவிடும். குழந்தை முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுவது ஸ்பானிஷில்.

50:50 முறை: முதல் நாளிலிருந்தே பாதி பாதி. யூட்டா மாநிலம் இதைத்தான் மாநில அளவில் எடுத்துக்கொண்டது. 2008ல் அதற்கு சட்டம் இயற்றினார்கள். அப்போதைய ஆளுநர் ஜான் ஹன்ட்ஸ்மன் மாண்டரின் பேசத் தெரிந்தவர். ஒரு ஆசிரியர் ஸ்பானிஷுக்கு, ஒரு ஆசிரியர் ஆங்கிலத்துக்கு. இரண்டு பிரிவு மாணவர்களும் பாதி நாளில் அறை மாறிக்கொள்வார்கள். இரண்டு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் எப்படியும் தேவைதானே, அதனால் கூடுதல் ஆசிரியர் செலவு இல்லை. புத்தகமும் பயிற்சியும்தான் கூடுதல் செலவு.

90:10 பெற்றோரைப் பதற வைக்கும் முறை. இரண்டாம் வகுப்புக் குழந்தை ஆங்கிலப் புத்தகத்தில் தடுமாறும்போது, 'தப்பான பள்ளியில் போட்டுவிட்டோமோ' என்று எந்த வீட்டிலும் பயம் வரும். ஆனால் அந்த வயதில் வரும் இடைவெளி எதிர்பார்க்கப்பட்டதுதான். ஏன் என்பதற்கான விளக்கம் அடுத்து.

இது எப்படி வேலை செய்கிறது?

கனடாவின் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் 1970களின் இறுதியில் முன்வைத்த கருத்துதான் இதன் முதுகெலும்பு. ஒரு மொழியில் வாசிக்கக் கற்ற குழந்தை, இரண்டாவது மொழியில் வாசிப்பதை மறுபடி முதலிலிருந்து கற்பதில்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு, கதையில் அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, பின்னம் என்றால் என்ன என்ற புரிதல் ஆகியவை மொழி விட்டு மொழி தாண்டிவிடும். பெயர்களை மட்டும் புதிதாகக் கற்றால் போதும்.

ஸ்பானிஷும் ஆங்கிலமும் இதற்கு வசதியான ஜோடி. ஒரே எழுத்து முறை. ஸ்பானிஷில் எழுதியதை எழுதியபடியே உச்சரிக்கலாம் என்பதால் எழுத்துக் கூட்டுவது சீக்கிரம் வரும். லத்தீன் வழியாக இரண்டுக்கும் பொதுவான சொற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆங்கில 'இன்ஃபர்மேஷன்' ஸ்பானிஷில் 'இன்ஃபோர்மசியோன்'. 'ஹாஸ்பிடல்' அங்கே 'ஓஸ்பிடால்'. காலை விழ வைக்கும் சொற்களும் உண்டு. 'எம்பரசாதா' என்றால் 'எம்பரஸ்' ஆனவர் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். அதற்குக் கர்ப்பிணி என்று பொருள்.

கம்மின்ஸ் சொன்ன இன்னொரு விஷயமும் முக்கியம். விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தகத்தையும் தேர்வையும் சமாளிக்கும் ஆங்கிலம் வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். 'இவன்தான் நல்லாப் பேசுறானே' என்று சொல்லி உதவியை நிறுத்திவிடும் பள்ளிகள் கோட்டை விடுவது இங்கேதான்.

எங்கிருந்து தொடங்கியது?

1959 கியூபப் புரட்சிக்குப் பிறகு மயாமிக்கு அகதிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சீக்கிரம் ஊர் திரும்பிவிடுவோம் என்று நம்பியவர்கள். குழந்தைகள் ஸ்பானிஷை மறந்துவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. 1963ல் மயாமியின் கோரல் வே தொடக்கப் பள்ளியில், ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியோடு, பாதி நாள் ஸ்பானிஷ், பாதி நாள் ஆங்கிலம் என்று தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க அரசுப் பள்ளிகளில் வந்த முதல் இருவழித் திட்டம் அது. கியூபாவிலிருந்து வந்த ஆசிரியர்களே அங்கே பாடம் நடத்தினார்கள். அந்தப் பள்ளி இன்றும் இருமொழியில்தான் நடக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, 1965ல், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மூழ்கல் வகுப்பு கேட்டு வாங்கினார்கள். அந்த மாதிரியைப் பார்த்து 1971ல் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஸ்பானிஷ் மூழ்கல் வகுப்பு தொடங்கியது.

இந்த இரண்டு வேர்களையும் கவனித்தால் இன்றைய சண்டை பாதி புரிந்துவிடும். ஒரு வேர், தங்கள் மொழியைக் காப்பாற்ற நினைத்த புலம்பெயர்ந்தவர்களுடையது. இன்னொன்று, பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு மொழி தேடிய வசதியான பெரும்பான்மையினருடையது.

ஆங்கிலம் மட்டும்: அரசியல் எப்போது நுழைந்தது?

1968ல் அமெரிக்க நாடாளுமன்றம் இருமொழிக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. 1974ல் 'லா எதிர் நிக்கோல்ஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. வழக்குப் போட்டவர்கள் சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள். புரியாத மொழியில் எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டு அதைச் சமத்துவம் என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் இருமொழிக் கல்விதான் தீர்வு என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தவில்லை.

அதனால் பல இடங்களில் நடந்தது 'இடைக்கால' இருமொழிக் கல்வி. இரண்டு மூன்று வருடம் ஸ்பானிஷை ஊன்றுகோலாகக் கொடுப்பார்கள். ஆங்கிலம் வந்ததும் ஊன்றுகோலைப் பிடுங்கிவிடுவார்கள். பல பள்ளிகளில் இது மோசமாக நடத்தப்பட்டது. 1996ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தொடக்கப் பள்ளியை லத்தீனப் பெற்றோர்களே புறக்கணித்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தரவில்லை என்பது அவர்கள் புகார்.

சிலிக்கான் வேலி தொழிலதிபர் ரான் அன்ஸ் இதைக் கையில் எடுத்தார். 1998ல் கலிபோர்னியாவில் '227ஆம் முன்மொழிவு' மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. 61% ஆதரவோடு வென்று, இருமொழி வகுப்புகளைப் பெருமளவு முடக்கியது. 2000ல் அரிசோனா, 2002ல் மாசசூசெட்ஸ் என்று தொடர்ந்தது. அதே காலத்தில் மத்திய அரசின் இருமொழிக் கல்விச் சட்டமும் முடிவுக்கு வந்தது.

பிறகு காற்று திரும்பியது. 2016ல் அதே கலிபோர்னியா வாக்காளர்கள் '58ஆம் முன்மொழிவு' மூலம் பழைய தடையை நீக்கினார்கள். ஆதரவு 73%. அடுத்த ஆண்டே மாசசூசெட்ஸும் தடையைத் தளர்த்தியது. அரிசோனாவில் மட்டும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. 2023ல் அந்த மாநிலக் கல்வித் துறைத் தலைவர் டாம் ஹார்ன், 50:50 வகுப்புகள் சட்டவிரோதம் என்று வழக்குப் போட்டார். 2024ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் ஆங்கிலத்தை நாட்டின் ஆட்சி மொழியாக அறிவிக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். பள்ளிகளின் பாடத்திட்டத்தை மாநிலங்களும் உள்ளூர்க் கல்வி வாரியங்களும் முடிவு செய்வதால், அந்த ஆணை டி.எல்.ஐ. வகுப்புகளை நேரடியாக மூடவில்லை.

பலன் இருக்கிறதா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டி.எல்.ஐ. மாணவர்கள் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள் என்றால், அது பள்ளியாலா, இல்லை அந்தப் பள்ளியைத் தேடிப் பிடித்த பெற்றோராலா? வெறும் சராசரியை ஒப்பிட்டால் தெரியாது.

இதற்கு விடை தந்தது ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நகரம். அங்கே விண்ணப்பங்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் இடம் கொடுத்தார்கள். குலுக்கலில் வென்ற குழந்தை, தோற்ற குழந்தை இரண்டின் பெற்றோரும் ஒரே மாதிரி ஆர்வம் உள்ளவர்கள். அதனால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். ராண்ட் ஆய்வு நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து செய்த இந்த ஆய்வின் முடிவு 2015ல் வந்தது. இடம் கிடைத்த மாணவர்கள் ஆங்கில வாசிப்பில் ஐந்தாம் வகுப்பில் சுமார் 7 மாதப் படிப்பு அளவுக்கும், எட்டாம் வகுப்பில் சுமார் 9 மாத அளவுக்கும் முன்னால் இருந்தார்கள். கணக்கிலும் அறிவியலிலும் குறிப்பிடத்தக்க லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பாடத்தில் ஒரு பகுதியை வேறு மொழியில் படித்தும் நஷ்டம் இல்லை என்பதே பெரிய செய்திதான்.

இரண்டாவது ஆய்வு கலிபோர்னியாவின் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில் லத்தீன மாணவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இலானா உமான்ஸ்கியும் ஷான் ரியர்டனும் 2014ல் வெளியிட்டது. 'ஆங்கிலம் கற்பவர்' என்ற வகைப்பாட்டிலிருந்து வெளியே வர, இருமொழித் திட்ட மாணவர்களுக்குத் தொடக்கப் பள்ளியில் அதிக காலம் பிடித்தது. ஆனால் பள்ளிப் படிப்பு முடியும்போது, ஆங்கிலம் மட்டுமே படித்தவர்களைவிட அதிகம் பேர் வெளியே வந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் அளந்தால் தோல்வி மாதிரி தெரிவது, பன்னிரண்டாம் வகுப்பில் வெற்றியாகத் தெரிகிறது. எப்போது அளக்கிறோம் என்பதைப் பொறுத்து பதிலே மாறுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தேர்தல் நடக்கும் நாட்டில் இது சின்னப் பிரச்சினை இல்லை.

அப்போ சிக்கல் எங்கே?

1997லேயே ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் குவாடலூப்பே வால்டெஸ் ஒரு எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார். அவர் இருமொழிக் கல்விக்கு எதிரானவர் இல்லை. ஒரே வகுப்பில் இரண்டு தரப்பும் இருந்தால் யாருக்கு ஏற்ப பாடம் போகும் என்பதே அவர் கேள்வி. ஆங்கிலக் குழந்தைகளுக்குப் புரிய வேண்டுமே என்று ஸ்பானிஷை எளிமையாக்கினால், வீட்டில் ஸ்பானிஷ் பேசும் குழந்தைக்குத் தன் மொழியிலேயே மேலே போக வழி இல்லாமல் ஆகிறது. பாராட்டிலும் பாரபட்சம் உண்டு. ஆங்கிலக் குழந்தை நாலு வார்த்தை ஸ்பானிஷ் பேசினால் கைதட்டல். ஸ்பானிஷ் குழந்தை ஆங்கிலம் பேசினால் 'அது கடமை'.

அதற்குப் பிறகு இன்னொரு பிரச்சினை சேர்ந்தது. நல்ல பெயர் எடுத்த டி.எல்.ஐ. பள்ளியைச் சுற்றி வசதியான குடும்பங்கள் குடியேறுகின்றன. வாடகை ஏறுகிறது. யாருக்காகத் திட்டம் தொடங்கியதோ, அந்த லத்தீனக் குடும்பங்கள் வேறு பகுதிக்கு நகர்கின்றன. குலுக்கல் விண்ணப்பம் எப்போது, எங்கே என்று தெரிந்து வைத்துக்கொள்வதும், தூரத்துப் பள்ளிக்குக் காரில் கொண்டுபோய் விடுவதும் எல்லோராலும் முடியாது. அதனால்தான் சில மாவட்டங்கள் ஸ்பானிஷ் வீட்டுக் குழந்தைகளுக்கென்று பாதி இடங்களை ஒதுக்கிவைக்கின்றன.

பணமும் ஒரு செய்தி சொல்லும். டெக்சஸ் சட்டப்படி, ஒரு பள்ளி மாவட்டத்தில் ஒரே வகுப்பில் ஒரே வீட்டு மொழியைக் கொண்ட 20 ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் இருந்தால் இருமொழிக் கல்வி தர வேண்டும். 2019ல் வந்த சட்டத் திருத்தத்தில் ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகை 6,160 டாலர். சாதாரண இருமொழித் திட்டத்தில் உள்ள ஆங்கிலம் கற்கும் மாணவருக்கு அதில் 10% கூடுதல், அதாவது 616 டாலர். அதே மாணவர் டி.எல்.ஐ.யில் இருந்தால் 15%, அதாவது 924 டாலர். ஆங்கில வீட்டு மாணவர் டி.எல்.ஐ.யில் சேர்ந்தால் 5%, 308 டாலர். யாருக்கு முன்னுரிமை என்பதை அந்த மாநிலம் விகிதத்திலேயே எழுதிவைத்திருக்கிறது.

கடைசியாக, ஆசிரியர் தட்டுப்பாடு. ஸ்பானிஷ் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, ஸ்பானிஷில் பின்னமும் ஒளிச்சேர்க்கையும் நடத்தத் தெரிய வேண்டும். ஸ்பெயின் அரசே ஒரு திட்டம் வைத்து அமெரிக்கப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்புகிறது. அவர்களுக்குக் கிடைப்பது சில வருட விசா. ஒருவர் பழகி முடிக்கும்போது ஊர் திரும்பும் நேரம் வந்துவிடும்.

தமிழ்க் குடும்பங்கள் இதில் எங்கே வருகிறார்கள்?

குழந்தையைச் சேர்க்கும்போது பள்ளி ஒரு படிவம் கொடுக்கும். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், குழந்தை முதலில் பேசிய மொழி எது என்று கேட்கும். 'தமிழ்' என்று எழுதினால் குழந்தைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். தேறாவிட்டால் 'ஆங்கிலம் கற்கும் மாணவர்' பட்டியலில் சேர்ப்பார்கள். இதற்குப் பயந்து சில பெற்றோர் 'ஆங்கிலம் மட்டும்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் தண்டனை இல்லை. கூடுதல் உதவி கேட்கும் சட்ட உரிமை. உண்மையை எழுதுவதே நல்லது.

ஸ்பானிஷ் டி.எல்.ஐ.யில் சேர்த்தால், வீட்டில் தமிழ் மட்டும் பேசும் குழந்தைக்கு ஒரே நேரத்தில் இரண்டு புது மொழிகள். குழந்தைகளால் முடியாதது இல்லை. ஆனால் வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்துக்கு மாறுவது உதவாது. கம்மின்ஸ் சொன்னபடி, தமிழில் கேட்ட கதையும் தமிழில் போட்ட கணக்கும் மற்ற மொழிகளுக்கும் அடித்தளம்.

சேர்க்கும் முன் பள்ளியிடம் கேட்க வேண்டியவை:

- 90:10ஆ, 50:50ஆ? ஆங்கில வாசிப்பை எந்த வகுப்பில் முறையாகத் தொடங்குகிறார்கள்?
- வகுப்பில் ஸ்பானிஷ் வீட்டுக் குழந்தைகள் எத்தனை சதவீதம்?
- ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நடுநிலைப் பள்ளியில் திட்டம் தொடர்கிறதா?
- ஸ்பானிஷ் ஆசிரியர்களில் எத்தனை பேர் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள்?
- நடுவில் விலகினால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வி முக்கியம். விசாவும் வேலையும் மாறினால் ஊர் மாற வேண்டிவரும் என்பது உங்களுக்கே தெரியும். 90:10 திட்டத்தில் இரண்டாம் வகுப்போடு விலகினால், ஆங்கிலம் பிடிபடும் முன்பே வெளியே வந்ததாகிவிடும். ஐந்து வருடம் ஒரே ஊரில் இருப்போம் என்று தெரிந்தால்தான் அந்த முறையின் முழுப் பலனும் கிடைக்கும்.

உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது இரண்டு மொழிகளில் தேர்ச்சி காட்டும் மாணவருக்கு 'இருமொழி முத்திரை' கொடுக்கும் வழக்கத்தை 2011ல் கலிபோர்னியா சட்டமாக்கியது. பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. தமிழில் தேர்வு எழுதியும் அந்த முத்திரையைப் பெறும் வழி இருக்கிறது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும் பெற்றோருக்கு இது உபயோகமான தகவல்.

கடைசியாக ஒன்று

கோரல் வே பள்ளி இருக்கும் அதே டேட் கவுண்டி, 1973ல் தன்னை இருமொழி மாவட்டம் என்று அறிவித்தது. 1980ல் வாக்காளர்கள் அதை ரத்து செய்து, அரசு வேலைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தச் சொன்னார்கள். 1993ல் அந்தத் தடையும் நீங்கியது. இருபது வருடத்தில் அரசு மூன்று முறை மனம் மாறியது. அந்த இருபது வருடமும் பள்ளியில் பாதி நாள் ஸ்பானிஷில் பாடம் நடந்தது. 1963ல் அங்கே முதல் வகுப்பில் உட்கார்ந்த குழந்தைகளுக்கு இன்று அறுபது வயதைத் தாண்டியிருக்கும். சட்டங்கள் வந்தன, போயின. அவர்கள் ஆறு வயதில் கற்ற இரண்டு மொழிகளையும் எந்த வாக்கெடுப்பாலும் திரும்ப வாங்க முடியவில்லை.